கொந்தளிக்கும் கடலில் முதல் கப்பல் டைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல் குளத்திலும் அலை அடங்கிய விரிகுடாவிலும் ஸ்கூபா பழகியவர்கள், முதல் தடவையாகப் படகில் இரண்டு மணி நேரம் வெளியே போய் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்கக் கிளம்பும்போது என்னிடம் கேட்பவை இவை. நான் முதலில் போனபோது என் பயம் முழுக்கக் கப்பலுக்குள்ளேதான் இருந்தது. இருட்டு, துரு, சிக்கிக்கொள்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு அடிபட்டது மேலே, படகு ஏணியில். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் தண்ணீரின் மேற்பரப்பைப் பற்றியே பேசுகிறேன். கீழே 25 மீட்டரில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், உங்களைப் படுத்துவது மேலே இருக்கும் அந்த ஐந்து மீட்டர்தான்.

எத்தனை டைவ் செய்திருந்தால் போகலாம்?

எண்ணிக்கையை வைத்து நான் சொல்வதில்லை. அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர், அடுத்த நிலைக்கு 30 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்குக்கு மொத்த எல்லை 40 மீட்டர் என்பது வழக்கம், அதைத் தாண்டாத கப்பலாகத் தேர்ந்தெடுங்கள். செங்கடலில் 1941-இல் குண்டுவீச்சில் மூழ்கிய திசில்கார்ம் கடல் தரையில் 30 மீட்டர் வாக்கில் கிடக்கிறது, மேல்தளம் அதைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. சைப்ரஸ் அருகே 1980-இல் மூழ்கிய செனோபியாவுக்குத் தரை 42 மீட்டர், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதால் 20 மீட்டருக்குள்ளேயே நிறையப் பார்க்கலாம். கப்பல் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பதும் நீங்கள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்குப் பதிலாக நான் கேட்பது மூன்று விஷயம். எதையும் பிடிக்காமல் 5 மீட்டரில் மூன்று நிமிடம் ஒரே மட்டத்தில் நிற்க முடியுமா? நடுத்தண்ணீரில் நின்றபடியே, நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே அனுப்ப முடியுமா? முகத்தில் மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடம் பதறாமல் மூச்சுவிட முடியுமா? மூன்றில் ஒன்றுக்குத் தயங்கினாலும் இன்னும் ஒரு மாதம் அமைதியான இடத்தில் பழகுங்கள், கப்பல் எங்கேயும் போய்விடாது. கடைசி டைவ் ஆறு மாதத்துக்கு முன்பு என்றால், எத்தனை டைவ் செய்தவராக இருந்தாலும், போவதற்கு முந்தைய வாரம் ஒரு சுலபமான டைவ் செய்துவிட்டு வாருங்கள்.

முன்னறிவிப்பில் அலை 1.5 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அது அதிகமா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. முதலில், முன்னறிவிப்பில் வரும் அலை உயரம் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. 1.5 மீட்டர் என்றால் நடுவில் எப்போதாவது ஒன்று கிட்டத்தட்ட 3 மீட்டர் வரைக்கும் எழும்பும். நீங்கள் ஏணியில் கால் வைக்கும் நேரத்தில் அது வரலாம்.

இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் விநாடிக் கணக்கைப் பாருங்கள், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி. 1.5 மீட்டரும் 10 விநாடியும் என்றால் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதே 1.5 மீட்டர் 5 விநாடிக்கு ஒருமுறை வந்தால் செங்குத்தான அலை, படகை உலுக்கி எடுத்துவிடும். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமுமாக இருந்தால் அலை இன்னும் குத்தலாக எழும்பும், காலையில் நன்றாக இருந்த கடல் நீரோட்டம் திரும்பியதும் மாறிப்போவதற்கு இது ஒரு காரணம்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு பக்கம் உண்டு. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரைக்கும் கீழே இறங்கும். 5 விநாடி அலையின் நீளம் சுமார் 40 மீட்டர், ஆகவே 20 மீட்டருக்குக் கீழே தண்ணீர் ஏறக்குறைய அசையாது. 8 விநாடி அலைக்கு நீளம் 100 மீட்டர் வாக்கில் வரும், அதன் இழுப்பும் தள்ளலும் பலவீனமாகவாவது 50 மீட்டர் வரைக்கும் போகும். எனவே மேலே படகில் சுகமாக இருக்கும் நீண்ட அலைதான் கீழே கப்பலோடு சேர்த்து உங்களை முன்னும் பின்னும் ஆட்டும், துருப்பிடித்த தகட்டின் மேல் கொண்டுபோய்ப் போடும். மேலே குமட்ட வைக்கும் குட்டை அலை கீழே தெரியவே தெரியாது. இரண்டில் எது வரப்போகிறது என்று முந்தைய நாளே தெரிந்தால் எதற்குத் தயாராக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குப் படகில் வாந்தி வரும். என்ன செய்வது?

மாத்திரை சாப்பிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படகில் முதல் தடவையாகச் சாப்பிடாதீர்கள். ப்ரோமெதசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவை சிலரை நன்றாகத் தூங்கவைத்துவிடும், மெக்லிசின் பொதுவாகக் கொஞ்சம் பரவாயில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் கிளம்புவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், வாய் உலரும், பார்வை மங்கலாம், கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கு அது ஆகாது. எதுவானாலும் மருத்துவரிடம் டைவிங் செய்யப்போகிறேன் என்று சொல்லிக் கேட்டு, வீட்டில் ஒரு விடுமுறை நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 30 மீட்டர் வாக்கில் நைட்ரஜன் மயக்கம் தானாகவே லேசாகத் தொடங்கும், அதன் மேல் மாத்திரையின் தூக்கமும் சேர்ந்தால் நீங்கள் மந்தமாக இருப்பது உங்களுக்கே தெரியாது.

வாந்தி ஆரம்பித்த பிறகு மாத்திரை வயிற்றில் நிற்காது, அதனால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள், எண்ணெயும் காரமும் இல்லாத லேசான சாப்பாடு போதும். வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரை மாட்டுவது, பட்டைகளைச் சரிசெய்வது எல்லாவற்றையும் படகு துறையில் நிற்கும்போதே முடித்துவிடுங்கள். ஆடும் தளத்தில் குனிந்து சின்னச் சின்ன கொக்கிகளை மாட்டும் அந்தப் பத்து நிமிடம்தான் பலரையும் கவிழ்த்துவிடுகிறது. அப்புறம் படகின் நடுவிலோ பின்பக்கமோ தாழ்வான இடமாகப் பார்த்து, டீசல் புகை வராத பக்கத்தில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். கீழ் அறைக்குப் போய்ப் படுக்க வேண்டாம், செல்போனைப் பார்க்கவே வேண்டாம்.

வந்துவிட்டால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய், ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு எடுங்கள். பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் குடியுங்கள். குடித்த தண்ணீரே நிற்கவில்லை என்றால் அன்றைக்கு டைவ் கிடையாது. உடம்பில் நீர் வற்றிப்போன நிலையில் ஆழத்துக்குப் போவது, மேலே வரும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும் டிகம்ப்ரஷன் நோய்க்கு வழிவிடும்.

தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால்?

ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். கையால் அழுத்திப் பிடித்து அதன் வழியாகவே எடுங்கள், அதில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அழுத்திச் சுத்தம் செய்துவிட்டு மூச்சிழுங்கள். வாந்தி எடுத்த அடுத்த நொடி உடம்பு தானாக ஆழமாக மூச்சை உள்ளிழுக்கும், அப்போது வாயில் ரெகுலேட்டர் இல்லை என்றால் உள்ளே போவது தண்ணீர். அடைத்துக்கொண்டால் மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, டைவை முடித்துக்கொள்ளுங்கள்.

என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

உங்களிடம் இருக்கும் வழக்கமான சாமான்களோடு, எஸ்எம்பி என்று சொல்லும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் கட்டாயம். குறைந்தது 1.8 மீட்டர் உயரம் இருக்கட்டும், ஒரு மீட்டர்க் குழாய் அலைகளுக்கு நடுவே படகிலிருந்து தெரியாது. அதை அனுப்ப, கப்பலின் ஆழத்தைவிட நீளமான நூல் சுற்றிய ஸ்பூல். விசில், சின்ன விளக்கு. கப்பல்களில் மீன்வலையும் தூண்டில் நரம்பும் சிக்கிக் கிடக்கும் என்பதால் வெட்டுவதற்கு இரண்டு கருவிகள், ஒன்று வலது கைக்கும் இன்னொன்று இடது கைக்கும் எட்டும் இடத்தில். கத்தியைவிட மருத்துவக் கத்தரி வலைக்கு நன்றாக வேலை செய்யும், நரம்புக்குச் சின்ன லைன் கட்டர் போதும். தகடுகளின் விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பாருங்கள்.

இரண்டு டைவ்களுக்கு நடுவில் போட்டுக்கொள்ள, காற்றுப் புகாத மேல்சட்டை ஒன்று. ஈர உடையில் காற்றில் உட்கார்ந்தால் வெயிலிலும் நடுங்குவீர்கள். கேமராவை முதல் பயணத்தில் விட்டுவிட்டு வாருங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்வேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் கயிற்றைப் பிடிப்பது எப்படி?

காற்றை எவ்வளவு மிச்சம் வைத்துத் திரும்ப வேண்டும்? 50 பார் போதுமா?

பார் என்பது சிலிண்டரில் இருக்கும் காற்றின் அழுத்தக் கணக்கு; 50 பார் என்பது படகில் ஏறும்போது இருக்க வேண்டிய அளவு. கீழேயிருந்து கிளம்பும்போது அல்ல. ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு, எனவே காற்றும் நான்கு மடங்கு செலவாகும். உங்கள் ஜோடிக்கு, அதாவது கூடவே டைவ் செய்பவருக்கு, காற்று தீர்ந்துபோய் இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வருகிறீர்கள், பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். கீழே நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம், அது 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற மூன்றரை நிமிடம், சராசரி அழுத்தம் இரண்டரை பார் என்றால் 525 லிட்டர். 5 மீட்டரில் பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிட நிறுத்தம் 270 லிட்டர். கூட்டினால் 1035 லிட்டர், 12 லிட்டர் சிலிண்டரில் அது ஏறக்குறைய 86 பார். அதனால் 30 மீட்டரிலிருந்து 90 பார் இருக்கும்போதே ஏறத் தொடங்க வேண்டும், கப்பலுக்கு இறங்கப் பிடித்து வந்த கயிற்றுக்கு நீந்தித் திரும்பும் தூரம் இருந்தால் அதற்கும் மேலே. கணக்கை நீங்களும் உங்கள் ஜோடியும் சேர்ந்து முந்தைய இரவே போட்டுவிடுங்கள்.

நேரமும் குறைவு. சாதாரணக் காற்றில், ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாமல் 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம் பழக்கமான அட்டவணைகளில் 20 நிமிடம்தான். 32 சதவீத ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸ் காற்று இதைக் கூட்டித்தரும், ஆனால் 33 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, சிலிண்டரில் இருக்கும் ஆக்சிஜன் அளவை நீங்களே கருவியால் அளந்து பார்க்க வேண்டும்.

படகிலிருந்து எப்படிக் குதிப்பது?

படகை ஓட்டும் ஸ்கிப்பர் சொன்ன பிறகு மட்டும். அதுவரை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நான்கு மூச்சு ரெகுலேட்டரில் இழுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காலில் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின் மாட்டிக்கொண்டு ஆடும் தளத்தில் தனியாக நடக்காதீர்கள், படகு ஆள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பிசிடி என்று சொல்லும், காற்று ஊதி மிதக்கவைக்கும் சட்டையில் பாதிக் காற்று, ரெகுலேட்டர் வாயில், உள்ளங்கையால் அதையும் மாஸ்க்கையும் அழுத்திப் பிடித்து, நிற்கும் பக்கம் தாழும்போது ஒரு பெரிய அடி எடுத்து வையுங்கள். விழுந்ததும் படகைவிட்டு விலகுங்கள். அலையில் தாழும் படகின் பின்பக்கம் தலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நீரோட்டத்தில் கயிற்றுக்கு எப்படிப் போய்ச் சேருவது?

நல்ல படகில் பின்னால் ஒரு கயிறு மிதக்கும், பக்கவாட்டில் இன்னொன்று, கப்பலுக்கு இறங்கிப் போகும் நங்கூரக் கயிறு வரைக்கும் போகும். அதைப் பிடித்துக் கை மாற்றிக் கை இழுத்துப் போங்கள். கயிற்றை விட்டுவிட்டு நீந்தி வெல்லலாம் என்று பார்க்காதீர்கள், நீரோட்டம் களைப்படையாது, நீங்கள்தான் களைப்பீர்கள். மேற்பரப்பில் மூச்சு வாங்க நீந்திவிட்டு உடனே இறங்கினால், உடம்பில் சேர்ந்த கரியமில வாயு ஆழத்தில் மூச்சுத்திணறலாகவும் காரணமில்லாத பயமாகவும் வெளிவரும். நான் பார்த்த பல பதற்றங்கள் இப்படித் தொடங்கியவைதான். கயிற்றை அடைந்ததும் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், ஒரு நிமிடம் ஆகட்டும், பிறகு இறங்குங்கள்.

படகு எழும்பி விழும்போதெல்லாம் அந்தக் கயிறும் வெட்டி இழுக்கும். கையை விறைப்பாக வைத்தால் தோள் போய்விடும், முழங்கையை மடக்கி ஸ்பிரிங் மாதிரி விட்டுக்கொடுங்கள். திரும்பி வரும்போது 5 மீட்டர் நிறுத்தத்தில் இதுதான் தொந்தரவு. ஒரு மீட்டர் நாடாவைக் கயிற்றில் சுற்றி அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டால் கயிறு ஆடும், நீங்கள் ஆட மாட்டீர்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் நீரோட்டம் நின்று திரும்பும் நேரத்துக்கே பெரும்பாலான படகுகள் டைவை வைக்கும். அரை மணி தாமதமானால் எல்லாம் மாறும், அதனால் தயாராவதில் நீங்கள் கடைசி ஆளாக இருக்காதீர்கள்.

கப்பலுக்குள் நுழையலாமா?

முதல் பயணத்தில் வேண்டாம். வாசல் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதே என்பார்கள். தலைக்கு மேல் இரும்பு இருக்கும் எந்த இடத்திலிருந்தும் நேராக மேலே வர முடியாது, அது இரண்டு மீட்டரானாலும் அப்படித்தான். பல வருட வண்டல் ஒரு ஃபின் அடியில் எழும்பினால் கையில் இருக்கும் விளக்கே தெரியாது. நீங்கள் விடும் குமிழிகளே மேலே இருக்கும் துருவை உதிர்க்கும். நீண்ட அலை நாளில் வாசல்களில் இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். உள்ளே போவதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது, வழி நூலும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே, ஒரு பங்கு கையிருப்பு என்ற கணக்கும் அங்கேதான் பழக வேண்டும். வெளியே சுற்றிப் பார்க்கவே இருபது நிமிடம் போதாது, நம்புங்கள்.

வலையில் மாட்டிக்கொண்டால் திரும்பாதீர்கள், திரும்பினால் இன்னும் சுற்றிக்கொள்ளும். நின்று, வந்த வழியே மெதுவாகப் பின்னால் போங்கள், விடவில்லை என்றால் ஜோடி வெட்டட்டும்.

எதையும் எடுத்துவர வேண்டாம். போரில் மூழ்கிய பல கப்பல்கள் மாலுமிகளின் கல்லறைகள். பிரிட்டனில் அதற்கென்றே 1986-இல் சட்டம் வந்தது, நீருக்கடியில் நூறு வருடத்துக்கு மேல் கிடப்பவற்றைக் காக்க 2001-இல் யுனெஸ்கோ உடன்படிக்கை ஒன்றும் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஜோடியைத் தவறவிட்டால்?

ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள், விளக்கைச் சுழற்றுங்கள். இல்லையென்றால் இருவரும் மேலே வர வேண்டும். இதை இறங்குவதற்கு முன்பே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மேலே வந்து நிற்க மற்றவர் கீழே தேடிக்கொண்டிருப்பார்.

இறங்கிய கயிற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால்?

காற்றைத் தேடலில் செலவழிக்காதீர்கள். கப்பலைவிட்டுக் கொஞ்சம் மேலே வந்து எஸ்எம்பியை அனுப்புங்கள். ஸ்பூலை உடம்பில் எதிலும் மாட்டக்கூடாது, சிக்கினால் குழாயோடு சேர்த்து உங்களையும் மேலே தூக்கிவிடும். பிறகு அதன் கீழே தொங்கிக்கொண்டு நிறுத்தத்தை முடியுங்கள். நீரோட்டம் கொண்டுபோகும், போகட்டும், படகு அந்தக் குழாயைத் தேடித்தான் வரும்.

மேலே வந்ததும் பிசிடியை முழுக்க ஊதுங்கள். மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அப்படியே இருக்கட்டும், குழாயை நேராகப் பிடியுங்கள். நலமாக இருந்தால் கையை வளைத்துத் தலை உச்சியைத் தொட்டுக் காட்டுங்கள். கையை அசைத்தால் ஆபத்து என்று பொருள், படகைப் பார்த்த சந்தோஷத்தில் அசைத்துவிடாதீர்கள்.

ஏணியில் ஏறுவதைப் பற்றி இவ்வளவு ஏன் சொல்கிறீர்கள்?

என் முதல் பயணத்தில் டைவ் அருமையாக முடிந்தது. மேலே வந்து, சீக்கிரம் ஏறிவிடலாம் என்று ஏணிக்கு நேர் கீழே போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏறிய ஆள் கடைசிப் படியில் கால் நழுவி, சிலிண்டரோடு என் தோளில் விழுந்தார். ரெகுலேட்டரை அதற்குள் வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன், இரண்டு வாய் கடல்நீர் குடித்தேன். தோள் சரியாக மூன்று மாதம் ஆயிற்று. அவர் மேல் தப்பில்லை, நான் அங்கே இருந்திருக்கவே கூடாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பின்னால் மிதக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சில மீட்டர் தள்ளிக் காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏணிக்குப் போக வேண்டும். படகு மேலே போகும்போது ஏணியும் காற்றில் ஒரு மீட்டர் தூக்கும், அப்போது கிட்டே போகாதீர்கள். அது இறங்கி வந்ததும் பிடித்து, காலை வைத்துவிட்டால் அடுத்த அலையில் படகே உங்களை மேலே தூக்கிவிடும். ஃபின்னோடு ஏறும் ஏணியா, கழற்ற வேண்டிய ஏணியா என்று முன்னாலேயே கேளுங்கள். கழற்றுவதென்றால் ஏணியைக் கையில் கெட்டியாகப் பிடித்த பிறகுதான் கழற்ற வேண்டும், ஃபின் இல்லாமல் அலையில் நீங்கள் ஒரு கட்டைதான். தளத்தில் உட்காரும்வரை மாஸ்க்கும் ரெகுலேட்டரும் அதனதன் இடத்தில் இருக்கட்டும். முழங்கால் வலியோ களைப்போ இருந்தால் எடையையும் சிலிண்டரையும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிடலாம், கேட்டால் போதும்.

உடல்நிலையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இதயக் கோளாறு, ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் இருந்தால் டைவிங் தெரிந்த மருத்துவரைப் பார்க்காமல் வராதீர்கள். தண்ணீருக்குள் இருப்பது, குளிர், கடும் உழைப்பு மூன்றும் சேரும்போது சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிகம். மூச்சுத்திணறலோடு இருமலும் நுரையும் வந்தால் உடனே தண்ணீரைவிட்டு வெளியே வர வேண்டும். சளி இருந்தால் காது திறக்காது, அன்று விட்டுவிடுங்கள்.

டைவுக்குப் பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், வழக்கத்துக்கு மீறிய களைப்பு, தலைசுற்றல் எது வந்தாலும் படகில் சொல்லுங்கள். குமட்டலாக இருக்கும் என்று நினைத்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் சிகிச்சை ஆக்சிஜன், ஆகவே கரைக்குத் திரும்பும் நேரம் முழுவதற்கும் போதுமான ஆக்சிஜன் படகில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அழுத்த அறைச் சிகிச்சைக்கும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள். பல டைவ் செய்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுங்கள்.

படகில் போன பிறகு இறங்க வேண்டாம் என்று தோன்றினால்?

இறங்காதீர்கள். எந்த டைவரும் எந்த நேரத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் டைவை நிறுத்தலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது என்பது டைவிங்கில் பழைய வழக்கம். ஆனால் பணம் கட்டி, விடியற்காலையில் எழுந்து, இரண்டு மணி நேரம் ஆடி வந்த பிறகு அதைச் சொல்வது கஷ்டம். அதனால் நானும் என் ஜோடியும் முந்தைய இரவே எல்லையைப் பேசி வைத்துக்கொள்கிறோம்: இவ்வளவு அலைக்கு மேல் இல்லை, வாந்தி இரண்டு தடவைக்கு மேல் என்றால் இல்லை, ஏணியைப் பார்த்துப் பயம் வந்தால் இல்லை. அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது "இன்னைக்கு நான் இறங்கல" என்ற மூன்று வார்த்தைதான், அதை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்துக்கொள்வோம்.

தோள் ஆறி நான் போன இரண்டாவது பயணத்தில் அதைச் சொன்னேன். ஸ்கிப்பர் தலையசைத்துவிட்டு, இறங்குபவர்களையும் ஏறுபவர்களையும் எண்ணும் அட்டையை என் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்போது எழும்புகிறது, எப்போது தாழ்கிறது என்று பார்த்துக்கொண்டே பதினொரு பேரை எண்ணி ஏற்றினோம்.